சேம அச்சும் ஸ்டெப்னியும்

புறநானூற்றின் 102ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போது நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை. 'சேம அச்சு' என்பதற்கு 'ஸ்டெப்னி' என்று ஒரு சொல்லில் பொருள் கூறிவிட்டால் கடைசி பெஞ்சு வரைக்கும் விளங்கிவிடுகிறது. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு அது. உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டி கட்டுகிறார்கள். மாடுகளோ நுகம் பழகாத இளங்காளைகள். ஏற்றியிருக்கும் சரக்கோ மிகுதி. போகும் வழியின் மேடும் பள்ளமும் முன்கூட்டித் தெரியாதவை. ஆகவே ஓடுகிற அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அந்த மாற்று அச்சைப் போன்றவன் நீ என்று இளவரசனைப் புகழ்கிறார் ஔவை.

விளங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மாணவர்கள் சிரிக்கிறார்கள். காரணம் நமக்கும் தெரியும். இன்றைய பேச்சுவழக்கில் ஒருவரை 'ஸ்டெப்னி' என்று சொன்னால் அது வசை. ஆள் கிடைக்காதபோது இட்டு நிரப்பப்படுகிறவர், உரிமை இல்லாமல் உடன் வைத்துக்கொள்ளப்பட்டவர் என்றெல்லாம் அதற்குக் கிளைப்பொருள்கள் உண்டு. அரசகுமாரனுக்குச் சொல்லத்தக்க உயர்ந்த உவமையாக இருந்த ஒரு பொருள், கேலிக்குரியதாக எப்படி இறங்கியது? இரண்டும் வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு காலத்தவை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்த இறக்கத்தில் வண்டியின் வரலாறும், வண்டியை நம்பி வழிநடைப்பட்ட மனிதனின் வரலாறும் சேர்ந்தே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஐந்நூறு கிலோமீட்டர் புறப்படும் நம் காலத்துக் கார்ப்பயணத்துக்கும் அந்த வரலாற்றோடு நேரடியான தொடர்பு உண்டு.

*

உலகின் முதல் நெடுந்தொலைவுக் கார்ப்பயணமே ஒரு விடுமுறைப் பயணம்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1888 ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி தம் இரண்டு மகன்களோடு பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். சென்றது, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கி, விற்க வழி தெரியாமல் வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில். கணவரிடம் சொல்லாமலே கிளம்பினார். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வழியெல்லாம் பழுது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்த இடத்தில் காலுறைப் பட்டியைச் சுற்றினார். சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சீராக்கித் தந்தார். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை போக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அக்கடையை இன்றும் காட்டுகிறார்கள். இறக்கங்களில் மரத்தடைகள் தேய்ந்துபோகவே, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோலை அறையச் செய்தார். இன்று நாம் 'பிரேக் லைனிங்' என்று மாற்றுகிறோமே, அதன் தொடக்கம் அந்தத் தோல்துண்டு. ஏற்றங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

பெர்த்தாவின் பயணத்தை வீரச்செயலாகவும் விளம்பர உத்தியாகவும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று அறிந்த ஒருவர் அதில் அமர்ந்திருந்தார். அவர் பயணியாகவும் பழுது நீக்குபவராகவும் ஒருங்கே இருந்தார்.

அந்த வண்டியின் சக்கரங்களில் காற்று இல்லை. காற்று வந்ததும் அதே 1888இல்தான். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுவன் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டிக்கு ரப்பர்க் குழாயில் காற்றடைத்துப் பூட்டிப் பார்த்து, காப்புரிமையும் பெற்றார். பின்னர் அந்த உரிமை செல்லாது என்றாயிற்று. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே, தம் 23ஆம் வயதில், இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது தெரியவந்ததே காரணம். தாம்சனின் சக்கரத்தில் ரப்பர் பூசிய துணிக்குழாயும் அதன்மேல் தோலுறையும் இருந்தன. அவர் அதற்கு இட்ட பெயரை 'வான்சக்கரம்' என்று மொழிபெயர்க்கலாம். குதிரைவண்டியில் பூட்டி 1,200 மைல் ஓட்டியும் காட்டினார். ஆனால் அக்காலத்தில் மிதிவண்டியும் பரவவில்லை, மோட்டாரும் இல்லை. தேவை பிறப்பதற்கு 40 ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்ட பொருள் மறக்கப்பட்டது.

ஒரு டயர் வண்டியின் சுமையைத் தாங்குகிறது என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் சுமையைத் தாங்குவது அதனுள் அடைபட்ட காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அக்காற்றைப் பிடித்துவைக்கும் பாத்திரம்தான். ஐரோப்பிய மொழிகளில் காற்றடைத்த டயருக்கு வழங்கும் பெயர், மூச்சையும் உயிரையும் ஒருசேரக் குறிக்கும் 'நியூமா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உடம்பைக் காற்று நிரம்பிய பையாகக் கண்ட சித்தர் மரபில் வந்த நமக்கு இதில் கூடுதல் விளக்கம் தேவையில்லை. அச்சு முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். காற்று குறைந்தால் தெரியாது.

*

காற்றடைத்த டயர் சொகுசைத் தந்தது. கூடவே பஞ்சரையும் தந்தது. தொடக்ககால டயரைச் சக்கர விளிம்போடு பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்தெடுத்து, ஒட்டி, மறுநாள் வரை காயவைக்கவேண்டும். பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் ரப்பர்ப் பொருள்கள் செய்துவந்த மிஷெலின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டத்தக்க டயரைக் கொண்டுவந்தார்கள். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், காற்று டயர் பூட்டிய காரை அவர்களே ஓட்டினார்கள். வழிநெடுகப் பஞ்சர்கள். பந்தயத்தில் வெல்லவில்லை. ஆயினும் இத்தனை முறை காற்றிறங்கிய வண்டியும் போர்தோ போய்வந்துவிட்டதே என்று ஊர் பேசியது.

இச்சகோதரர்கள் 1900இல் ஒரு சிறு சிவப்பு நூலை அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். அச்சான படிகள் ஏறத்தாழ 35,000. அப்போது பிரான்சில் இருந்த கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள். இன்று உலகத்து உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும், அந்த நட்சத்திரத்துக்காகச் சமையற்கலைஞர்கள் தூக்கம் தொலைக்கும் மிஷெலின் கையேடு அதுதான். முதல் பதிப்பில் நட்சத்திரம் எதுவும் கிடையாது. டயரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்ற பாடத்தோடுதான் அந்நூல் தொடங்குகிறது. அதன்பிறகே ஊர்வாரியாகப் பழுதுபார்ப்போர், எரிபொருள் விற்போர், தங்குமிடங்கள். சாப்பாட்டின் தரம் பின்னாளில் நுழைந்தது. நட்சத்திரம் தொடங்கியது 1926இல். ஆற்றுப்படை நூல்களைப் படித்த நமக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது. பெரும்பாணாற்றுப்படையில் வழி சொல்லும் பாணன் விருந்தைப் பற்றி மட்டுமா பேசுகிறான்? வழியில் எதிர்ப்படும் உமணர் வண்டியை உறுப்பு உறுப்பாகக் காட்டிவிட்டுத்தானே போகிறான்.

இடையில் ஒரு சிறு செய்தி. மிஷெலின் நிறுவனத்தின் அடையாளமான டயர் மனிதன் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று நினைத்ததுண்டா? அவன் பிறந்த 1898இல் டயர்கள் வெளிர்நிறமாகவே இருந்தன. கரித்தூளைக் கலந்தால் ரப்பரின் உறுதி பலமடங்கு கூடும் என்பது நடைமுறைக்கு வந்தது 1910களில். அதன் பின்னரே டயர் கறுத்தது. அவன் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றுவிட்டான்.

அக்காலப் பயணங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சான்றுகள். 1903இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர் 50 டாலர் பந்தயம் கட்டி, செவால் கிராக்கர் என்ற பழுதுபார்ப்பாளரோடு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார். 15 மைல் போவதற்குள் ஒரு டயர் வெடித்தது. கையில் இருந்த ஒரே மாற்று டயர் முதல் நாளிலேயே தீர்ந்தது. பின்னொரு கட்டத்தில் டயருக்குப் பதிலாகச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். நியூயார்க் சேர 63 நாட்கள் ஆயின. 1909இல் அலைஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், காரோட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு அதே கண்டத்தை எதிர்த்திசையில் 59 நாட்களில் கடந்தார். 3,800 மைல் வழியில் 11 முறை டயர் மாற்றினார். அத்தனையும் தம் கையால். அவரைப் பொறுத்தவரை அது சாகசமாகத் தோன்றியிருக்காது. காரோட்டுவது என்றாலே அதுதான்.

இவ்விரு பயணங்களுக்கும் இடைப்பட்ட 1904ஆம் ஆண்டுதான் நம் சொல் பிறக்கிறது. அன்றைய கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல் விற்கப்பட்டன. டயர் இறங்கினால் சக்கரத்திலேயே வைத்து டயரைப் பிரித்து, ஒட்டி, மறுபடி காற்றடிக்கவேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் இரும்புக்கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸும் அவர் சகோதரரும் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால்கள் இல்லாத வெறும் இரும்பு வளையம், அதன்மேல் முன்கூட்டியே காற்றடைத்த டயர். இறங்கிய சக்கரத்தின் பக்கவாட்டில் இதைக் கவ்விகளால் பொருத்திக்கொண்டு ஓட்டிவிடலாம். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. பொருளும் ஸ்டெப்னி ஆயிற்று.

பின்னர் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை வந்ததும் டேவிஸின் வளையம் வழக்கொழிந்தது. ஆங்கிலேயரே அச்சொல்லை மறந்துவிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டம் மறக்கவில்லை. மால்டா தீவிலும் அது உயிரோடு இருக்கிறது. பிரேசில் நாட்டுப் போர்த்துகீசிய மொழியில் மாற்றுச் சக்கரத்துக்கு 'எஸ்டெப்பி' என்று பெயர். ஒரு வேல்ஸ் நகரத்துத் தெருப்பெயர், ரப்பர் மரத்தின் தாயகத்துக்கே போய்க் குடியேறியிருக்கிறது.

*

மேற்கத்திய நூல்கள் டயரின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தினார், 1888இல் டன்லப் காற்றடைத்தார் என்று அது போகும். பால் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். நமக்கு அப்படிக் கடந்துபோக முடியாது.

1890களில் டயருக்கான தேவை பெருகியபோது, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்தாக இருந்த காங்கோவில் காட்டு ரப்பர்க் கொடிகளிலிருந்து பால் எடுத்துவரும்படி ஊர் ஊராக மக்கள் வதைக்கப்பட்டார்கள். அளவு குறைந்தால் கைகள் வெட்டப்பட்டதைக் காட்டும் நிழற்படங்கள் உலகின் மனச்சாட்சியை உலுக்கி, 1908இல் அந்த ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தன. மற்றொரு வழி அமேசானிலிருந்து தொடங்கியது. 1876இல் ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றப்பட்டது. அடுத்த ஆண்டு சில கன்றுகள் சிங்கப்பூர் போயின. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மலாயாவின் காடுகள் அழிந்து பால்மரத் தோப்புகள் எழுந்தன.

அந்த மரங்களைச் சீவியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள்பிடித்துக் கப்பலேற்றிய எளிய மனிதர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிர்ச்சி இருக்கும்போதே மரம் சீவியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். பட்டையில் சாய்வாகக் கோடிழுத்து, மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்து, அமிலம் கலந்து உறையவைத்து, தகடாக்கிப் புகையில் உலர்த்தி அனுப்பினார்கள். அலைஸ் ராம்சேக்குப் பின் அமெரிக்கச் சாலைகளில் லட்சக்கணக்கில் ஓடத் தொடங்கிய கார்களின் டயர்களில் நம் லயத்துவீட்டுச் சனங்களின் விடியற்காலைகள் இருந்தன. அகிலன் தம் 'பால்மரக் காட்டினிலே' நாவலில் காட்டும் உலகம் இவர்களுடையது.

இத்தொடர்பு அறுந்தபோதுதான் உலகம் டயரின் மதிப்பை உணர்ந்தது. 1942இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோயிற்று. அப்போரில் அமெரிக்க அரசு முதன்முதலாகப் பங்கீட்டுக்குக் கொண்டுவந்த பண்டம் சர்க்கரையோ பெட்ரோலோ அல்ல, டயர். பெட்ரோல் பங்கீடு பின்னர் வந்தது. அதன் முதன்மை நோக்கமும் பெட்ரோலை மிச்சப்படுத்துவதன்று. வண்டிகள் ஓடாதிருந்தால் டயர் தேயாது என்பதே. மணிக்கு 35 மைல் என்று வேக எல்லை விதிக்கப்பட்டது. ஒரு காருக்கு ஐந்து டயர்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, மிகுதியை அரசிடம் விற்றுவிடவேண்டும் என்றும் ஆணை வந்தது. டயர்களைக் குறித்த காலத்தில் பரிசோதனைக்குக் காட்டினால்தான் பெட்ரோல் சீட்டு. 1943இல் சில மாதங்கள் கிழக்கு மாநிலங்களில் உல்லாசப் பயணமே தடைசெய்யப்பட்டது. டயரில் காற்றைச் சரிபார்ப்பது தேசக்கடமையாக இருந்த ஒரே காலம் அதுவாக இருக்கலாம். ஓடும் நான்கோடு ஐந்தாவதாக ஒன்றுக்கு அந்த நெருக்கடியிலும் இடம் தரப்பட்டிருந்ததைக் கவனிக்கவேண்டும்.

அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பெரும்பகுதியினர் திரும்பவில்லை. அது தனியே எழுதப்படவேண்டிய வரலாறு.

*

போருக்குப் பிறகு டயர் மாறியது. செயற்கை ரப்பர் பெருகியது. மிஷெலின் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. 1950களில் டியூப் இல்லாத டயர் பரவியது. பதினொரு பஞ்சர்களோடு கண்டத்தைக் கடந்த காலம் போய், பதினொரு ஆண்டு ஓட்டியும் ஒருமுறைகூட ஜாக்கியைத் தொடாத ஓட்டுநர்கள் வந்தார்கள். உவமை இறங்கியது இங்கேதான் என்று நினைக்கிறேன். அடிக்கடி தேவைப்பட்ட வரையில் மாற்று அச்சுக்கு மரியாதை இருந்தது. தேவை அருகியதும் அது பின்பெட்டியின் அடியில், பெட்டி படுக்கைகளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. ஆயுதபூஜை அன்று நான்கு சக்கரங்களுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, அடியில் எலுமிச்சம்பழமும் வைக்கிறோம். ஐந்தாவதை எடுத்துப் பார்ப்பவரை நான் கண்டதில்லை.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருந்தது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய குடும்ப வண்டியில் பூட்டப்பட்டிருந்தவை. நெடுஞ்சாலை வேகத்தில் டயரின் மேற்பட்டை உரிந்து கழன்றது. வண்டி உருண்டது. அமெரிக்காவில் மட்டும் 271 உயிரிழப்புகளை இதனோடு தொடர்புபடுத்தியது அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை. விபத்துகள் குவிந்தது அரிசோனா, டெக்சஸ், புளோரிடா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களில். அதற்கு முன்பே சவுதி அரேபியாவில் இதே தொல்லை தலைகாட்டி, ஃபோர்டு அங்கே டயர்களை மாற்றிக் கொடுத்திருந்தது.

இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. சர்ச்சையின் நடுவில் இருந்தது ஓர் எண். சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்று போதும் என்று ஃபோர்டு பரிந்துரைத்திருந்தது. 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்த டயர் சாலையைத் தொடும் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடேறுகிறது. வெயில், வேகம், விடுமுறைக்கு ஏற்றிய சுமை மூன்றும் சேர்ந்தால் உள்ளே கம்பிப் பட்டைகளைப் பிடித்துள்ள ஒட்டு விட்டுப்போகிறது. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உவமையாக்கினார். இங்கே சுமை கூடாமலே வலி குறைந்திருந்தது.

இன்னொரு கோணமும் உண்டு. கழன்ற டயர்களில் பல, இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டூர் ஆலையில் 1990களின் நடுவில் கடுமையான தொழிலாளர் பிணக்கு நிகழ்ந்த காலத்தில் செய்யப்பட்டவை. அலன் குரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் மாற்று ஆட்களை அமர்த்தியிருந்தது. ஆனால் பழுது மிகுந்தது பழைய தொழிலாளர்கள் மனக்கசப்போடு மாற்று ஆட்களின் அருகருகே நின்று வேலை செய்த காலத்தில்தான் என்பது அவர்கள் கண்ட செய்தி. ஓடும் டயருக்குள் எங்கோ ஒரு தொழிலாளியின் ஒரு நாள் இருக்கிறது என்பது மலாயாவுக்கு மட்டும் பொருந்துவதன்று.

இவ்விவகாரத்தின் விளைவாக வந்த சட்டத்தால், 2007 செப்டம்பருக்குப் பின் அமெரிக்காவில் விற்பனைக்குத் தயாராகும் கார்கள் அனைத்திலும் டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமானது. காற்று குறைந்தால் முகப்பில் ஒரு விளக்கு எரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விளக்கு எரிவது பரிந்துரைத்த அளவில் கால்பங்கு போன பிறகு. 35 பவுண்டு இருக்கவேண்டிய டயரில் 26க்கு இறங்கியபின் எரியும். அதே 26.

*

காற்றையாவது கருவி அளக்கும். டயரின் வயதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த இசைவிழாவுக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களின் பேருந்து, சர்ரே மாவட்டத்தில் முன்டயர் வெடித்து மரத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து மூவர் இறந்தார்கள். அந்த டயர் தேய்ந்திருக்கவில்லை. சட்டப்படி ஓடத் தகுதியாகவே இருந்தது. அதன் வயது 19 ஆண்டுக்கு மேல். பேருந்தைவிட மூத்தது. இறந்தவர்களில் ஓர் இளைஞனுக்கு வயது 18. அவன் தாய் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து பிரிட்டனில் பேருந்து, லாரிகளின் முன்சக்கரங்களில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர் ஓடக்கூடாது என்ற சட்டம் நடப்பில் உள்ளது.

டயர் தன் வயதை மறைப்பதில்லை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். '3519' என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் பிறந்தது. இந்த நான்கு இலக்க முறை 2000இல் தொடங்கியது. மூன்று இலக்கங்களே இருந்தால் அது போன நூற்றாண்டின் டயர். கல்வெட்டு படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது எளிய வேலை. காரின் நான்கு டயர்களைப் படிக்கக் குனிகிறவர் ஐந்தாவதையும் எடுத்துப் படிக்கவேண்டும். நிழலில் கிடந்து, ஓடாமல், தேயாமல், புதிதுபோலத் தோற்றம் காட்டிக்கொண்டு வயதாகிற டயர் அதுதான். வெடித்த டயரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் அதைத்தான் மாட்டப்போகிறோம்.

மற்றவை மிஷெலினின் சிவப்பு நூல் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும், அதாவது விடியற்காலையில், வண்டி நகருமுன். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுகிறவர் உண்டு. இருக்கவேண்டிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைந்து பெட்டிகளும் ஏறினால் அளவு வேறு, அதையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். டயரின்மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதையே பரிந்துரையாக எண்ணி அடித்துக்கொள்ளும் தவறு நம் பெட்ரோல் பங்குகளில் நாள்தோறும் நடக்கிறது. பள்ளங்களின் அடியில் சிறு ரப்பர்த் திட்டுகள் தெரியும். மேற்பட்டை தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

நம் நாட்டில் 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. டியூப் இல்லாத டயர், காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி, பஞ்சர் அடைக்கும் பெட்டி ஆகியவை இருக்குமானால், 3.5 டன் எடைக்கு மேற்படாத பயணிகள் கார்கள் மாற்றுச் சக்கரமே இல்லாமல் விற்கப்படலாம். அந்த இடத்தில் மின்கலத்தை வைக்கலாம், எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சம் என்பவை சொல்லப்படும் காரணங்கள். காரணங்கள் தவறல்ல. அப்பெட்டி ஆணி குத்திய துளையை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்த டயரை ஒன்றும் செய்யாது. அப்படிக் கிழியும் சாலைகளில் அது ஓடப்போகிறதா என்பதை வாங்குகிறவர்தான் யோசிக்கவேண்டும்.

அந்த வண்டிகளில் பின்பெட்டியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் கையடக்கக் காற்றடிப்பான் ஒன்றும், பாலைப்போன்ற பசை நிரம்பிய குப்பி ஒன்றும் இருக்கும். சில வகைப் பசைகளில் ரப்பர்ப்பாலே முதன்மைப் பொருள். குப்பியைத் திருப்பினால் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் காரின் ஆயுளைவிடக் குறுகியது.